பெயர் எழுத ஒரே கட்டம்

ஜனவரி 6, செவ்வாய்

செகந்திராபாத் வந்து சேர்ந்தேன். பேத்தி பாப்பாவால் ஸ்டேஷனுக்கு வர முடியவில்லை. ஜீப்பும் ஒரு சிப்பாயும் அனுப்பியிருந்தாள். சிப்பாய் என் கட்டைப்பையை வாங்கக் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. உள்ளே எள்ளுப் பொடி, கருப்பட்டி, இந்த டைரி.

சிவகாசியில் நான் முப்பத்திரண்டு வருஷம் அச்சான தாளைப் பாரமாக மடித்த அச்சாபீஸில் இன்றும் வருஷம் ஒரு டைரி எனக்கு எடுத்து வைக்கிறார்கள். அட்டை கோணலாக ஒட்டிப்போனது. உள்ளே தாள் நல்ல தாள்தான். அங்கே அன்றன்று யார் என்ன வேலை பார்த்தார்கள், எத்தனை மணிக்கு என்று மேஸ்திரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற பெண்கள் எல்லோருக்கும் நான்தான் எழுதுவேன். ஐந்தாம் வகுப்பில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். அந்தப் பழக்கம் போகவில்லை. மணி பார்த்து எழுதினால்தான் எனக்குத் திருப்தி.

பாப்பா இளைத்துவிட்டாள். கேப்டன் நிரஞ்சனா என்று வாசலில் பலகை இருக்கிறது. இருபத்தொன்பது வயது. கன்ன எலும்பு தெரிகிறது.

வந்ததும் சட்டம் சொன்னாள்.

"அம்மாச்சி, நான் எங்க போறேன், என்ன பண்றேன், எதையும் வெளிய பேசக் கூடாது. போன்ல பேசவே கூடாது."

"நான் யார்கிட்ட பேசப் போறேன்?"

எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை.

ஜனவரி 7, புதன்

காலையில் உளுந்தங்கஞ்சி. ஏழு நாற்பதுக்குக் கிளம்பினாள். அவள் வேலை பார்க்கும் கட்டடத்தின் வாசலில் இரும்புப் பெட்டி இருக்கிறதாம். போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம்.

சாயங்காலம் தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது கேட்டேன். "என்ன சண்டைடீ அது, துப்பாக்கி இல்லாம?"

"எதிராளி இங்க வரவே வேண்டாம் அம்மாச்சி. அவன் ஊர்ல உக்காந்துகிட்டே நம்ம கரண்ட்டை அணைக்கலாம். ரயில் சிக்னலை மாத்தலாம்."

"நீ என்ன செய்வ?"

"அணைய விடாமப் பாத்துக்கணும். தேவைப்பட்டா அவன் ஊர்ல அணைக்கவும் தெரிஞ்சிருக்கணும்."

இதற்கென்று புதுப் படை கட்டுகிறார்கள். இதுவரை தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் தனித்தனியாக ஆள் வைத்திருந்தன. இப்போது ஒன்றாக்கச் சொல்லி உத்தரவு. மூன்று பேருக்குமே மனசில்லையாம். "நல்ல ஆளை எல்லாரும் ஒளிச்சு வச்சுக்கறாங்க. போனாப் போகட்டும்கிற ஆளை அனுப்புறாங்க," என்று சிரித்தாள். "நம்ம தெருவுல குழாய்க்கு வரிசை போட்ட மாதிரி இருக்கு."

முந்நூறு பேரில் நாற்பது பேரை எடுப்பார்கள். மார்ச் 31-ல் பட்டியல். எடுத்துவிட்டால் எங்கே அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. வாரம் ஒருநாள், வீட்டில் ஒரே ஒருவரிடம் மட்டும் பேசலாம்.

விண்ணப்பப் பாரத்தைக் காட்டினாள். எல்லாம் இங்கிலீஷ். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். அதில் ஒரு பெயர் எழுத வேண்டும்.

"யார் பேரு?"

"இன்னும் எழுதலை. கடைசில எழுதினாப் போதும். அந்த ஆள் மேல எந்தக் குறையும் இருக்கக் கூடாது. விசாரிப்பாங்க."

என் மேல் என்ன குறை இருக்கிறது.

ஜனவரி 9, வெள்ளி

சௌந்திரம் டீச்சர் வந்திருக்கிறாள். பாப்பாவின் அப்பத்தா. பழைய மாணவி ஒருத்திக்கு ஹைதராபாத்தில் கல்யாணமாம். வந்தவள் அப்படியே இங்கே வந்துவிட்டாள். நாலு நாளில் போவாள் என்று நினைத்தேன். பெட்டியைப் பார்த்தால் நாலு நாளுக்கான பெட்டியாகத் தெரியவில்லை.

என் மகளும் அவள் மகனும் சாத்தூர் பைபாஸ் விபத்தில் ஒரே நாளில் போனபோது பாப்பாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட நாளெல்லாம் விருதுநகரில் அப்பத்தா வீட்டில், லீவெல்லாம் சிவகாசியில் என்னோடு என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். பள்ளிக்கூடம் வருஷத்துக்கு இருநூற்றிருபது நாள். லீவு நூற்று நாற்பத்தைந்து. நான் எண்ணவில்லை. தெரியும், அவ்வளவுதான்.

ஃபேன் நன்றாகச் சுற்றுகிற அறையை டீச்சருக்குக் கொடுத்திருக்கிறாள். டீச்சருக்கு வேர்க்குமாம்.

ஜனவரி 12, திங்கள்

டீச்சர் காப்பி போட்டாள். தம்ளர் கழுவிய தண்ணீரைச் சுட வைத்தது போல இருந்தது. பாப்பா இரண்டாவது தம்ளர் கேட்டாள்.

பேப்பரில் வருகிற எண் கட்டங்களை இரண்டு பேரும் பென்சிலும் ரப்பரும் வைத்துக்கொண்டு நிரப்புகிறார்கள். டீச்சர் கணக்கு டீச்சர். தலைமை ஆசிரியையாக ரிட்டையர் ஆனவள். "அப்பத்தா, இது பாருங்க. அப்பத்தா, நீங்க சொன்னதுதான் சரி." பாப்பா அவளை 'நீங்க' என்கிறாள். என்னை 'நீ' என்கிறாள். படித்தவர்களுக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்யும். எனக்கு ஒன்றுமில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கேஸ் அடுப்பில் வைத்தோம். டீச்சர் பாலை அளந்து ஊற்றுகிறாள். அளந்து ஊற்றினால் எப்படிப் பொங்கும்? நான் இன்னொரு கால் லிட்டர் ஊற்றினேன். பொங்கியது. அடுப்பு அணைந்தது. டீச்சர் ஒன்றும் சொல்லாமல் துடைத்தாள். அப்படி ஒன்றும் சொல்லாமல் துடைப்பதுதான் எனக்குப் பிடிக்காது.

பாப்பா நாலு மணிக்கு வந்தாள். என் சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு பின்வாசலில் நின்றாள். டீச்சர் தன் போனில் படம் எடுத்து எனக்கும் அனுப்பினாள். நல்ல படம். சேலை என்னுடையது.

ஜனவரி 19, திங்கள்

கத்தரிக்காய் இங்கே ருசியில்லை. பாப்பா பரீட்சை எழுதுகிறாள். டீச்சருக்கு மட்டும் கேள்வியைச் சொன்னாள்.

ஜனவரி 22, வியாழன்

காலை 11.10. புது நம்பர். ஒரு பெண். மாலினி என்று பெயர். ஒரு பெண்கள் பத்திரிகையில் இருந்து. பத்திரிகை பெயர் சொன்னாள், நான் கேள்விப்பட்டதில்லை. பட்டாளத்தில் இருக்கும் பெண்களை வளர்த்த பாட்டிகளைப் பற்றி மகளிர் தினத்துக்கு எழுதுகிறார்களாம். ஊரில் விசாரித்து என் நம்பரை வாங்கினாளாம். நல்ல தமிழ். அவசரமில்லாத குரல்.

"ஒத்தை ஆளா வளர்த்து விட்டிருக்கீங்களேம்மா."

"ஆமா," என்றேன்.

"இப்ப பேத்தி கூடத்தான் இருக்கீங்களா? வேற யாரும் இருக்காங்களா?"

"அவ அப்பத்தா இருக்காக. ரிட்டையர் டீச்சர். எல்லாந் தெரிஞ்சவுக."

நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். அவள் கொஞ்சம் சிரித்து, "புரியுதும்மா," என்றாள். என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை. பாப்பாவின் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 11.22-க்கு வைத்தேன்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தின அணிவகுப்பு. உட்கார்ந்து பார்க்க ஒரே ஒரு பாஸ்.

"அம்மாச்சி, உனக்கு முட்டி வலி. ரெண்டு மணி நேரம் இரும்பு நாற்காலி. டிவில பாத்துக்க, என்ன?"

முட்டி எனக்கு மட்டுமா இருக்கிறது. டீச்சர் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். வாசலில் திரும்பி, "வரட்டுமா மதினி?" என்றாள். "போய்ட்டு வாங்க மதினி, நல்லாப் பாத்துட்டு வாங்க," என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

10.20. மாலினி. "டீச்சரம்மாகிட்டயும் பேசினோம்மா. நிறையச் சொன்னாங்க. படமெல்லாம் அனுப்பியிருக்காங்க. அட்டைப்படத்துக்கு அவங்களைத்தான் போடலாம்னு ஆசிரியர் சொல்றாங்க. நீங்க ஒரு படமாவது குடுத்தீங்கன்னா நான் உங்களுக்காகப் பேசிப் பாப்பேன்."

எனக்குப் படம் அனுப்பத் தெரியாது என்றேன். அவள் சலித்துக்கொள்ளவில்லை. போனை வைக்காமலே ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், மேலே வளைந்த அம்பு வரும், அதைத் தொடுங்கள். மூன்று தடவை தப்பாகப் போயிற்று. நாலாவது தடவை பொங்கல் படம் போய்விட்டது.

"சூப்பர்ம்மா! எவ்வளவு சீக்கிரம் கத்துக்கிட்டீங்க!"

டீச்சரிடம் இதே விஷயத்தைப் போன வாரம் கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு மதினி, என்கிட்ட குடுங்க, நான் அனுப்பி விடுறேன்," என்று போனை வாங்கிக்கொண்டாள்.

ஒரு மணிக்கு டீச்சர் வந்து அணிவகுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். நான் ரசம் தாளித்தேன். எனக்குப் படம் அனுப்பத் தெரியும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 28, புதன்

சாப்பிடும்போது டீச்சர் கேட்டாள். "நிரஞ்சி, காக்குறதுக்கு மட்டுமா இந்தப் படை? அடிக்கிறதுக்குமா?"

"அதைத்தான் அப்பத்தா டெல்லில உக்காந்து பேசிட்டே இருக்காங்க. பூட்டை நல்லாப் போட்டாப் போதும்னு ஒரு கட்சி. நம்மளாலயும் பூட்டு உடைக்க முடியும்னு ஊருக்குத் தெரிஞ்சாத்தான் எவனும் வரமாட்டான்னு இன்னொரு கட்சி. ஆனா எல்லாரும் ஒத்துக்கற விஷயம் ஒண்ணு இருக்கு. சண்டை ஆரம்பிச்சப்புறம் போய்க் கதவைத் தட்டினா லேட்டு. முன்னாடியே எதிராளி வீட்டுக்குள்ள போய் உக்காந்திருக்கணும். சத்தம் போடாம. வருஷக்கணக்கா."

"எப்படிப் போறது, கதவு பூட்டியிருக்குமே?" இது நான்.

"கதவை உடைக்கவே வேண்டாம் அம்மாச்சி. வீட்ல இருக்கிற யாராவது ஒருத்தர் திறந்து விட்டுருவாங்க. அவங்களுக்கு என்ன குறைன்னு தெரிஞ்சுக்கிட்டாப் போதும்."

டீச்சர் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "நல்ல பாயின்ட்," என்றாள். நான் கேட்ட கேள்விக்குத்தான் அந்தப் பதில் வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

11.40. மாலினி. டீச்சர் மாடி வீட்டு அம்மாளோடு நடக்கப் போயிருந்தாள்.

"டீச்சரம்மா சொல்றாங்க, படிப்பெல்லாம் அவங்கதான் குடுத்தாங்களாம். நீங்க சமையல் பாத்துக்கிட்டீங்களாம்."

எனக்கு உள்ளங்கால் வரைக்கும் சுட்டது. சொன்னேன். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும்.

நான் சொன்னவை: பாப்பாவின் சொந்த நம்பர். மெயில் என்கிற விலாசம். டீச்சருக்காகப் பாப்பா ஃப்ரிஜ் மேல் எழுதி ஒட்டியது, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். இவை உண்மை. பிறகு, அவள் சாதாரண கேப்டன் இல்லை, லெப்டினன்ட் கர்னல் என்றேன். புதுப் படைக்கே அவள்தான் தலைவி, பிப்ரவரி 20-ம் தேதி டெல்லியில் பதவி ஏற்கிறாள் என்றேன். இவை பொய். டீச்சருக்குத் தெரியாததாக ஒன்றாவது என்னிடம் இருக்க வேண்டும் அல்லவா?

"இது டீச்சரம்மாவுக்கே தெரியாது போல!"

"அவுகளுக்கு என்ன தெரியும்," என்றேன்.

11.58. வைத்த பிறகு நெஞ்சு படபடவென்று இருந்தது. பிரஷர் மாத்திரை மறந்திருந்தேன். அதனால்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி

பட்டாணிக் குழம்பு. பாப்பா இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 11, புதன்

பாப்பா மத்தியானமே வந்துவிட்டாள். எங்கள் இருவரையும் சோபாவில் உட்கார வைத்தாள்.

அவளுடைய மெயிலுக்கு ஓர் அழைப்பிதழ் வந்திருக்கிறது. 'பிப்ரவரி 20 அன்று டெல்லியில் பொறுப்பேற்கும் லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சனா அவர்களுக்குப் பாராட்டு விழா. விவரத்துக்கு இங்கே தொடவும்.' கூடவே பொங்கல் படம். அவள் தொடவில்லை. நேரே மேலதிகாரி கர்னலிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். தொட்டிருந்தால் அவள் போனுக்குள் எவனோ வந்து உட்கார்ந்திருப்பானாம். அங்கேயிருந்து கூடப் பரீட்சை எழுதுகிற முந்நூறு பேர் போனுக்கும்.

"நான் லெப்டினன்ட் கர்னலும் இல்ல, இருபதாம் தேதி எனக்கு எங்கயும் வேலையும் இல்ல. ஆனா இந்தப் படம் இந்த வீட்டுப் பின்வாசல். கதவு நம்பர் தெரியுது. இது எப்படி வெளிய போச்சு?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் யாருக்கும் அனுப்பலையேம்மா. மதினிக்கு மட்டும்தான் அனுப்பினேன்."

"நல்லா யோசிங்க அப்பத்தா. உங்க பழைய ஸ்டூடன்ட்ஸ் குரூப்?"

"இல்லம்மா."

"அம்மாச்சிக்கு போனை எடுக்கவும் வைக்கவும்தான் தெரியும். படம் அனுப்பத் தெரியாது. அப்ப நீங்கதான்."

டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

டீச்சர் சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. எண் கட்டம் நிரப்பவில்லை. பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

பாப்பா பாரத்தை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் பென்சிலால் என் பெயரை எழுதினாள். குருபாக்கியம். இங்கிலீஷ் எழுத்துதான், ஆனாலும் என் பெயர் எனக்குத் தெரியும். "ஓட்டை எதுன்னு தெரிஞ்சிருச்சு, அடைச்சாச்சுன்னு கர்னல்கிட்ட சொல்லிட்டேன். திங்கக்கிழமை அதையே ரிப்போர்ட்டா எழுதிக் குடுத்துட்டா என் பேரு தப்பிச்சிரும்," என்றாள்.

சாயங்காலம் டீச்சர் தன் தலையணையைக் கூடத்துக்கு எடுத்து வந்துவிட்டாள். "அந்த ரூம்ல நீங்க படுங்க மதினி. ரெண்டு நாள்தானே."

ஃபேன் நன்றாகத்தான் சுற்றுகிறது.

இன்று நான் சந்தோஷமாக இருக்கிறேன். ஒன்று மட்டும் குத்திக்கொண்டே இருக்கிறது. 'அம்மாச்சிக்குப் படம் அனுப்பத் தெரியாது.' எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

11.05. மாலினி. எடுக்கவில்லை. ஏழு தடவை அடித்தாள். போனை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

ஓட்டையை அடைத்துவிட்டதாகப் பாப்பா சொல்லியிருக்கிறாள். ஓட்டை என் இடுப்பில் சொருகியிருக்கிறது.

பிப்ரவரி 14, சனி

காலை எட்டரை. டீச்சர் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அருகில் போய்க் கேட்டேன்.

"மதினி, மாலினிகிட்ட என்ன சொன்னீக?"

"எந்த மாலினி?"

"பத்திரிகைக்காரி. உங்க படத்தை அட்டைல போடுறேன்னாளே."

"எனக்கு ஒரு மாலினியையும் தெரியாதே மதினி."

அவள் முகத்தைப் பார்த்தேன். நாற்பது வருஷம் பிள்ளைகள் பொய் சொல்லிப் பார்த்த முகம், அதற்குப் பொய் சொல்ல வராது. அந்தப் பெண் டீச்சரிடம் பேசவே இல்லை. டீச்சர் ஒருத்தி இருக்கிறாள் என்று அவளுக்குச் சொன்னதே நான்தான்.

கூடத்தில் பாப்பா யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் என் போனை எடுத்தேன். பொங்கல் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தேன். வளைந்த அம்பைத் தொட்டேன். மேஜை மேல் இருந்த பாப்பாவின் போன் ஒரு தடவை சிணுங்கியது.

பாப்பா எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அம்மாச்சி, இதை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"மாலினி. பாப்பா, இன்னும் இருக்கு. இந்த டைரில நாள், மணி எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

"எழுதி வச்சிருக்கியா?"

"எழுதக் கூடாதுன்னு நீ சொல்லலை."

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. பிறகு சொன்னாள், "இதைக் கர்னல்கிட்ட குடுக்கணும். முழுசா. நான் படிக்கக் கூடாது, நான் சம்பந்தப்பட்டவ. வேற ஆள் படிப்பாங்க. குடுத்துட்டா அந்தக் கட்டத்துல உன் பேரு வராது அம்மாச்சி. என் பேரும் பட்டியல்ல வருமான்னு தெரியாது. புரியுதா?"

புரிந்தது. டைரியில் மாலினி மட்டுமா இருக்கிறாள். தம்ளர் கழுவிய தண்ணீர் இருக்கிறது. பட்டுச் சேலை இருக்கிறது. நேற்று முன்தினம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதும் இருக்கிறது. நாலு பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் பாரம் எண்ணியவள். பக்கம் குறைந்தால் தைத்த இடம் காட்டிக் கொடுத்துவிடும்.

டீச்சரின் ரப்பர் பேப்பர் மேலேயே கிடந்தது. எடுத்து என் பெயரை நானே அழித்தேன். பென்சில் நன்றாக அழுத்தி எழுதியிருந்தாள். தடம் போகவில்லை.

டீச்சர் அன்று ரயிலுக்குப் போகவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

டைரி அவர்களிடம் இருக்கிறது. இது ரூல் போட்ட நோட்டு. டீச்சர் வாங்கிக் கொடுத்தது.

எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் அந்த இரும்புப் பெட்டியில் என் போனையும் போட்டேன். உள்ளே கர்னல், அஸ்ஸாம்காரர், சின்ன உருவம், தமிழ் தெரியாது. படிக்க சுபேதார் அருளப்பன், திண்டுக்கல்காரர். ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்து இந்தியில் சொன்னார்.

ஜனவரி 12 வந்தது. சுபேதார் நிறுத்திவிட்டார். "பாட்டிம்மா, இதையும் படிக்கணுமா?"

கர்னல் ஏதோ சொன்னார். "முழுசாப் படிக்கச் சொல்றார்."

படித்தார். தம்ளர் கழுவிய தண்ணீர். இந்தியில் அதற்கு இன்னும் நீளமாக வந்தது. கர்னல் மீசையைத் தடவினார். நான் தரையில் ஓடு எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்து மெதுவாக ஒரு குரல்.

"என் காப்பி அவ்வளவு மோசமாவா இருக்கு மதினி?"

"சிக்கரி கூட," என்றேன். வேறு என்ன சொல்ல.

26-ம் தேதியைப் படித்தார்கள். 3-ம் தேதியைப் படித்தார்கள். 12-ம் தேதி வந்தபோது டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.

படித்து முடித்ததும் கர்னல் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தார். சுபேதார் சொன்னார்: "பாட்டிம்மா, நீங்க சொன்ன உண்மையெல்லாம் நாலு இடத்துல இருந்து போயிருக்கலாம். இருபதாம் தேதி, டெல்லி, லெப்டினன்ட் கர்னல், இந்தப் பொய் இந்த உலகத்துல ஒரே ஒரு வாயில இருந்துதான் வந்திருக்கு. அதனால எந்த வழியா வந்தாங்க, எத்தனை நாள்ல வந்தாங்க, எல்லாம் நாள் கணக்கா எங்க கைல இருக்கு. இங்க ஆபீசர்களே இப்படி மணி போட்டு எழுதறதில்லைன்னு சார் சொல்றார்."

"எங்க பேத்தி கதி என்ன?" என்றேன். என் பேத்தி என்று வரவில்லை, எங்க என்றுதான் வந்தது.

"ஏமாந்தவங்களைத் தள்ளணும்னா இங்க யாருமே மிஞ்ச மாட்டோம். மறைச்சவங்களைத்தான் தள்ளுவோம். மிச்சத்தை மார்ச்ல பாக்கலாம்கிறார்."

ஜீப்பில் திரும்பும்போது மதினி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ உங்களை 'நீ'ன்னு கூப்பிடுறப்ப எல்லாம் எனக்கு வயிறு எரியும். என்னை ஒரு தடவை கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. வீட்லயும் நான் டீச்சராவே இருந்துட்டேன் போல."

என்னிடமும் அவரிடம் இல்லாதது ஒன்று இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் கையில் வைத்துக்கொண்டே தேடியிருக்கிறேன்.

பிப்ரவரி 19, வியாழன்

மாலினி கூப்பிட்டால் நானே எடுக்க வேண்டுமாம். கதவைச் சாத்தாமல், திறந்திருப்பது போலவே வைத்திருக்கப் போகிறார்கள். அவள் எங்கே இருந்து வருகிறாள் என்று பார்ப்பதற்கு. என்ன பொய் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். சுபேதார் எதிரில், மதினி பக்கத்தில்.

11.15. பேசினேன். விழா தள்ளிப் போயிற்று, வேறு ஊர், வேறு தேதி. அவர்கள் எழுதியபடி. "டீச்சரம்மா எப்படி இருக்காங்க?" என்றாள் மாலினி. காகிதத்தில் 'டீச்சரைக் குறை சொல்லவும்' என்று மட்டும் இருந்தது. என்ன குறை என்று எழுதவில்லை. தேவையில்லை என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

பன்னிரண்டு நிமிஷம் பேசினேன். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சுபேதார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 2, திங்கள்

டைரி திரும்பி வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் வட்ட முத்திரை. ஓரிடத்தில் என் எழுத்துப் பிழையைத் திருத்தியிருக்கிறார்கள். யார் என்று தெரியும். மதினியிடம் கேட்டால் இல்லை என்கிறார்.

மார்ச் 31, செவ்வாய்

நாற்பதில் பாப்பா பெயர் இருக்கிறது. முப்பத்தெட்டாவது.

கட்டத்தில் மையால் எழுதினாள். சௌந்திரம். பழைய பென்சில் தடத்தின் மேலேயே எழுதினாள். எழுதும்போது என்னைப் பார்க்கவில்லை. நான் சேமியாப் பாயசம் வைத்தேன். எனக்கு ஒன்றுமில்லை என்று எழுத வந்தேன். இருக்கிறது. நிறைய இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

பாப்பா போய்விட்டாள். எங்கே என்று தெரியாது. எள்ளுப் பொடி டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சிவகாசியில் இருந்து இரண்டு மணி பஸ்ஸில் விருதுநகர் வந்தேன். மதினி காப்பி கொடுத்தார். சிக்கரியைக் குறைத்திருப்பதாகச் சொன்னார். குறைத்ததாகத் தெரியவில்லை. குடித்தேன்.

நாலு மணிக்குப் போன். கட்டத்தில் பெயர் உள்ளவர் மட்டும்தான் பேசலாம். மதினி சட்டத்தை மீறுகிறவர் இல்லை. ஸ்பீக்கரில் போடவில்லை. ஆனால் பாப்பா சொல்கிற ஒவ்வொன்றையும் வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் திரும்பச் சொன்னார். "என்னது, சாப்பாடு நல்லா இருக்கா? அப்படியா, எள்ளுப் பொடி தீந்துபோச்சா? கூட இருக்கிறவங்க தின்னுட்டாங்களா?"

நான் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு தடவை இருமினேன்.

மதினி சட்டென்று பேச்சை நிறுத்தினார். பாப்பா சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு போனைக் காதில் இருந்து எடுக்காமலே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் இருமச் சொல்றா."

4.09-க்கு வைத்தார்.

பஸ் கிடைத்து ஏழு மணிக்கு வீடு வந்தேன். எள் இரண்டு கிலோ ஊற வைத்திருக்கிறேன்.